இரவல் துடிப்பு

டிவி போட்டி ஒன்றில் நாடே ஃபோனை எடுத்து ஓட்டுப் போட்டு ஜெயிக்க வைத்த ஆள் வெய்ன் கெரிசன். அப்பேர்ப்பட்டவன் இன்றைக்கு யார்மத் சந்தைக்குள் நுழைந்தால் குல்லாயை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு மீன்கடைப் பக்கமாகச் சுற்றிப் போகிறான். ஜெயித்தவன் எதற்கு ஒளிய வேண்டும் என்று கேட்பீர்கள். தோற்றவனுக்கு ஒரு நாள் அழுகை, அதோடு தீர்ந்தது. இவன் ஜெயித்த விதம் அப்படி. அந்த வாரம் நானும் இரண்டு ஓட்டுப் போட்டேன், மறைப்பானேன்.

பிறந்து வளர்ந்தது எல்லாம் கடலோரத்து இதே ஊர்தான். அம்மா பாலின் சந்தையில் உருளைக்கிழங்கு வறுவல் கடை வைத்திருந்தாள், இன்னும் வைத்திருக்கிறாள். அப்பா கடல் நடுவே எரிவாயுக் கிணற்று வேலைக்குப் போனவர், கரை இறங்கியபோது வேறொரு வீட்டில் இறங்கிவிட்டார். அது கிடக்கட்டும். வெய்னுக்கு ஆறு வயதில் கண் சிமிட்டத் தொடங்கியது. அப்புறம் தலை வலப்பக்கம் வெட்டியது. அப்புறம் தொண்டையிலிருந்து 'ஹுப், ஹுப்' என்று ஒரு சத்தம். பள்ளிக்கூடத்தில் தவளை என்று பெயர் வைத்தார்கள். பதினொரு வயதில் பக்கத்து நகரமான நார்விச்சின் டாக்டர் ஒருவர் இதற்கு டூரெட் என்று பெயர், நரம்பு செய்கிற வேலை, பையன் வேண்டுமென்று செய்வதில்லை என்றார். பாலின் அதை ஒரு தாளில் எழுதி வாங்கி, மறுநாள் தலைமை ஆசிரியரின் மேஜையில் அறைந்து வைத்துவிட்டு வந்தாள்.

வேண்டுமென்று செய்வதில்லை என்பதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். தும்மலுக்கு முன்னால் மூக்கில் ஒரு நமைச்சல் வருகிறதல்லவா, அதுபோல இவர்களுக்கு ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஒரு நமைச்சல் வரும். கழுத்தில், கண்ணிமையில், தொண்டையில். கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்கியதெல்லாம் வீட்டுக்கு வந்ததும் வட்டியும் முதலுமாக வெளியே வரும். கெட்ட வார்த்தை மட்டும் வெய்னுக்கு வந்ததே கிடையாது. இந்த நோய்க்காரர்களில் பெரும்பாலோருக்கு வராது. ஊருக்குத்தான் டூரெட் என்றால் உடனே கெட்ட வார்த்தை.

இருபத்திரண்டு வயதில் கடற்கரையில் காசு போட்டு ஆடும் விளையாட்டு யந்திரக் கூடத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, நார்விச்சில் ஒரு தேவாலயக் கூடத்தில் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை மாலை இவனைப் போன்றவர்கள் கூடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனான். பத்துப் பன்னிரண்டு பேர். ஒருத்தி கை தட்டினாள். ஒருவர் மேஜையை மும்மூன்று முறை தொட்டார். வெய்ன் தலையை வெட்டி 'ஹுப்' என்றான். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பிறந்ததிலிருந்து அவனுக்கு அப்படி ஒரு சுகம் வாய்த்ததில்லை.

குழுவை நடத்தியவள் மாவிஸ் என்கிற ஓய்வுபெற்ற நர்ஸ். தேநீர் ஊற்றிக் கொடுத்துக்கொண்டே சொன்னாள்: "இங்க சட்டம் ஒண்ணே ஒண்ணுதான்பா. அடுத்தவங்க துடிப்பை விளையாட்டுக்குக்கூட செஞ்சு காட்டக் கூடாது. ஒட்டிக்கும். அப்புறம் ஜென்மத்துக்கும் விடாது."

இது பயமுறுத்தல் இல்லை. இவர்களுக்குள் அது நடக்கும். ஒருவர் தோளைக் குலுக்கினால் பக்கத்து நாற்காலியில் இருப்பவரின் தோளிலும் நமைச்சல் எழும். அதனால்தான் புதிதாக வருகிறவர்களிடம் பழையவர்களே முன்கூட்டிச் சொல்லிவிடுவார்கள், என்னுடையது இன்னது, பார்த்து உட்காருங்கள் என்று.

அந்தக் கூடத்தின் கடைசி மூலையில் தனி நாற்காலியில் ஒருவர் இருந்தார். ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, கையில் கைக்குட்டை. பெயர் ரோலண்ட் பீல்ஸ். ஒரு பெரிய அலுவலகத்தின் கீழ்த்தளத்தில் தபால் பிரிக்கிற வேலை. கீழ்த்தளம் அவர் கேட்டு வாங்கியது. அங்கே கேட்க ஒரு காது கிடையாது.

"தள்ளி உட்காரு தம்பி," என்றார். "என்னுது ஒட்டுற ரகம்."

சொல்லி முடிக்கவில்லை, அது வந்துவிட்டது. ஒரு வசவு, அதன் வாலில் ஒரு குசல விசாரிப்பு. அச்சில் ஏற்றும்படி கழுவித் துடைத்தால் 'பொறுக்கி நாயே, சௌக்கியமா' என்று வரும். அசலில் இதைவிட நாலு மடங்கு நாற்றம். 'சௌக்கியமா'வில் குரல் கீச்சென்று மேலே ஏறும். சொன்ன கையோடு ரோலண்ட் கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

கெட்ட வார்த்தை வருகிறவர் அந்தக் குழுவில் அவர் ஒருவர்தான். சினிமாவுக்குப் போனதில்லை. பஸ்ஸில் மேல்தளத்துப் பின்வரிசையில்தான் உட்காருவார், அங்கேயும் இரண்டு முறை அடி வாங்கியிருக்கிறார். ஒரு செவ்வாய்க்கிழமை, கேட்காமலே சொன்னார்: அவருடைய அம்மாவின் அடக்கத்தின்போது அவர் தேவாலயத்துக்குள் போகவில்லை. கார் நிறுத்துமிடத்தில் நின்றார். உள்ளே பாட்டுச் சத்தம் கேட்டது. எல்லோரும் வெளியே வந்ததும், வேலையிலிருந்து வர நேரமாகிவிட்டது என்று சித்தியிடம் பொய் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. வெய்ன்தான் அழுதான்.

அதற்குப் பிறகு வெய்ன் தன் நாற்காலியை அவர் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்ள ஆரம்பித்தான். முதலில் ரோலண்ட் வேண்டாம் என்றார், பிறகு விட்டுவிட்டார். கூட்டம் முடிந்ததும் வெய்ன் அவரைத் தன் ஓட்டைக் காரில் வீட்டில் கொண்டுவிடுவான். சனிக்கிழமைகளில் ரோலண்ட் ரயிலேறி யார்மத் வந்து பாலினின் கடையில் வறுவல் வாங்குவார். முதல் தடவையே பாலினின் முகத்தைப் பார்த்து, "பொறுக்கி நாயே, சௌக்கியமா" என்று வந்துவிட்டது. பாலின் கரண்டியை நிறுத்தாமல், "எனக்கென்ன, சௌக்கியந்தான். வினிகர் தூக்கலாவா, மட்டாவா?" என்றாள். அன்றிலிருந்து அவர் ஒரு சனிக்கிழமை தவறவில்லை.

நாலு வருடம் இப்படிப் போயிற்று. பிறகுதான் 'பூட்டிய வீடு' வந்தது. பன்னிரண்டு பேரை ஒரு வீட்டுக்குள் போட்டுப் பூட்டி, மூலைக்கு மூலை கேமரா வைத்து, பத்து வாரம் நாட்டுக்குக் காட்டுவார்கள். வாரம் ஒருவரை மக்கள் ஓட்டுப் போட்டு வெளியே தள்ளுவார்கள். வெய்ன் தானே மனுப் போட்டான். டூரெட் என்றால் என்ன என்று ஜனங்களுக்குக் காட்டுகிறேன் என்று குழுவில் சொன்னான். நிஜமாகத்தான் சொன்னான், அதிலொன்றும் பொய் இல்லை. ரோலண்ட் எழுந்து வந்து கையைக் குலுக்கினார்.

உள்ளே போனபின்தான் தெரிந்தது, கண் சிமிட்டுவதை நாடு மூன்று நாள்தான் பார்க்கும். நாலாம் நாள் அலுத்துவிடும். மற்ற பதினொரு பேருக்கும் அலுத்துவிட்டது. இரண்டாம் வாரம், "மச்சான், அந்த ஹுப்பைக் கொஞ்சம் அந்தாண்ட போய் வச்சுக்கக் கூடாதா, சாப்பிடறோம்ல" என்றான் ஒருத்தன். மூன்றாம் வாரம் வெளியேற்றும் பட்டியலில் வெய்ன் பெயர். போய்விடுவான் என்று அவனுக்கே தெரிந்துவிட்டது. ஊருக்குத் திரும்பி மறுபடி யந்திரக் கூடத்தில் சில்லறை மாற்றிக் கொடுக்க வேண்டும். தவளை டிவிக்குப் போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டது என்பார்கள்.

வியாழக்கிழமை காலைச் சாப்பாடு. ரொட்டி கருகிவிட்டது என்று அரபெல்லா என்கிற பணக்கார வீட்டுப் பெண் சிணுங்கிக்கொண்டிருந்தாள். எல்லோர் முகமும் அவள் பக்கம், கேமராவும் அவள் பக்கம். வெய்ன் வாயைத் திறந்தான். எந்த நமைச்சலும் எழவில்லை, தொண்டை ஈரமாக, சாதாரணமாக இருந்தது. மண்டைக்குள் ஒரு யோசனை வந்தது, அவ்வளவுதான்.

"பொறுக்கி நாயே, சௌக்கியமா."

அதே வசவு. அதே கீச்சுக் குரல், அதே இடத்தில் ஏற்றம்.

மேஜை முழுவதும் நிமிர்ந்து பார்த்தது. பிறகு சிரிப்பு பீறிட்டது. அரபெல்லா கருகிய ரொட்டியைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். மூலையிலிருந்த கேமரா மெல்லக் கழுத்தைத் திருப்பி வெய்னைப் பார்த்தது. அவன் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "மன்னிச்சுக்கங்க, என்னால கட்டுப்படுத்த முடியாது" என்றான்.

வாயைப் பொத்திய விதமும் ரோலண்டுடையதுதான். கைக்குட்டை ஒன்றுதான் பாக்கி.

அந்த வாரம் அவன் தப்பினான். அடுத்த வாரம் தினம் இரண்டு முறை சொன்னான், அதற்கடுத்த வாரம் தினம் ஆறு முறை. நல்ல நேரம் பார்த்துச் சொல்லக் கற்றுக்கொண்டான்: எவளாவது அழும்போது, எவனாவது பிரார்த்தனை செய்யும்போது. பத்தாம் வாரம் கதவைத் திறந்து வெளியே வந்தபோது இரண்டாயிரம் பேர் நின்று ஒரே குரலில் 'பொறுக்கி நாயே, சௌக்கியமா' என்று கத்தினார்கள். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு கூட்டம் அவனைப் போலச் சத்தம் போட்டது. அது அவன் சத்தமே இல்லை என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டான்.

வென்ற பிறகு ஃபெர்கஸ் என்கிற ஏஜெண்ட் வந்து ஒட்டிக்கொண்டான். சட்டையில் அந்த வாக்கியம். செல்ஃபோன் மணியாக அந்த வாக்கியம். டிசம்பரில் பாண்டோமைம் கூத்தில் விளக்கு பூதம் வேஷம். பூதம் புகையிலிருந்து எழும்பி வாயைத் திறப்பதற்குள் குழந்தைகளே அதைக் கத்திவிடும். கம்பளக் கடைத் திறப்புவிழா, விடுமுறை முகாம்களில் மத்தியான நிகழ்ச்சி, நகராட்சி கிறிஸ்துமஸ் விளக்குகளுக்குப் பொத்தான் அமுக்குவது. வெய்ன் ஒருமுறை, "ஃபெர்கஸ், இதைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமா? டூரெட்டைப் பத்தி நாலு வார்த்தை பேசறேனே" என்று கேட்டான்.

"ராசா, நாய் வேஷம் போட்டாச்சு. குரைச்சுத்தான் ஆகணும்," என்றான் ஃபெர்கஸ். "நீ பேசறதைக் கேக்கவா டிக்கெட் வாங்கறாங்க?"

ஜெயித்து மூன்று வாரம் கழித்துத்தான் அம்மாவின் கடைக்குப் போனான். சந்தையே சூழ்ந்துகொண்டது. எல்லோரும் கையெழுத்து வாங்கிக் கலைந்ததும் பாலின் ஒரு பொட்டலம் வறுவலை அவன் முன் வைத்தாள்.

"இப்பெல்லாம் சனிக்கிழமை அவர் வர்றதில்ல," என்றாள்.

"யாரு?"

"யாருன்னு உனக்குத் தெரியும்."

வெய்ன் ஒரு வறுவலை எடுத்து வாயில் போட்டுக்கொண்டான். சூடு நாக்கைப் பொசுக்கியது. பாலின் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நாலு வருடம், சனிக்கிழமைதோறும், கல்லாவுக்கு அந்தப் பக்கமிருந்து கேட்ட வாக்கியம் அது. டிவியில் கேட்ட முதல் நாளே அவளுக்குத் தெரியாமல் போகுமா? முழுப் பூசணிக்காயை இத்தனூண்டு சோற்றில் மறைத்துவிட்டோம் என்று நினைத்திருந்த வெய்னுக்குக் காது மடல்வரை சூடேறியது. அவள் அதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் தேவலை. அவன் பொட்டலத்தைச் சுருட்டிக்கொண்டு, நேரமாகிவிட்டது என்று கிளம்பினான்.

குழுவுக்கு அவன் திரும்பிப் போகவில்லை. மாவிஸ் இரண்டு கடிதம் போட்டாள். பிரிக்காமல் வைத்திருந்து, வீடு மாறும்போது பிரிக்காமலே எறிந்தான்.

இரண்டாம் வருடம் பாண்டோமைம் முடிந்த ஜனவரியில், பெரியம்மா மகளின் கல்யாணம். பதிவாளர் கேட்டார், இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர் உண்டா என்று. அறை அமைதியானது. அப்போது வெய்னின் தொண்டையில் நமைச்சல் எழுந்தது. 'ஹுப்'புக்கான நமைச்சல் இல்லை அது. முப்பது, நாற்பது நொடி பல்லைக் கடித்து அடக்கினான். முடியவில்லை. வந்துவிட்டது, கீச்சுக் குரலோடு முழு வாக்கியமும்.

அறை முழுவதும் கைதட்டிச் சிரித்தது. மாப்பிள்ளை திரும்பிக் கட்டைவிரலைக் காட்டினான். "செம டைமிங்டா," என்று மாமா முதுகில் தட்டினார். வெய்ன் கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். உள்ளே பதினேழு முறை வந்தது. மாவிஸின் ஒரே சட்டம் அவன் மேலேயே வந்து விழுந்திருந்தது. இரண்டு வருடம் தினமும் நடித்த துடிப்பு, இப்போது அவனைக் கேட்காமல் வந்தது.

யாரிடம் போய்ச் சொல்வது? இப்போது வருவது நிஜம் என்றால், அப்போது வந்தது என்ன என்று கேட்பார்களே. வாயை மூடிக்கொண்டான், வாய்தான் மூடவில்லை.

மோகம் தீர நாலு வருடம் ஆயிற்று. நோயைக் காட்டிச் சிரிக்க வைப்பது அசிங்கம் என்று பத்திரிகைகள் எழுதத் தொடங்கின. அதே பத்திரிகைகள்தான் முன்பு அவன் படத்தை முதல் பக்கத்தில் போட்டவை. ஃபெர்கஸ் ஃபோனை எடுப்பதை நிறுத்தினான். வெய்ன் ஊருக்கு வந்து, கடலோரத்தில் சக்கரம் வைத்த வேன் வீடுகள் நிற்கிற விடுமுறை முகாம் ஒன்றில் கேஸ் சிலிண்டர் போடும் வேலையில் சேர்ந்தான். சின்ன வயதுக்காரர்களுக்கு அவனைத் தெரியாது. அவர்களுக்கு அவன் வாயில் கெட்ட வார்த்தை வருகிற ஒரு தடியன், அவ்வளவுதான். பஸ்ஸில் ஒருத்தி குழந்தையை இழுத்துக்கொண்டு வேறு இருக்கைக்குப் போனாள். அன்றைக்கு அவன் மேல்தளத்துப் பின்வரிசைக்குப் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்த பிறகுதான் அது யாருடைய இடம் என்று உறைத்தது. அவமானத்தில் அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கி, மூன்று மைல் நடந்தான்.

ரோலண்டைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று நினைக்காத வாரம் இல்லை. நார்விச் என்ன நிலாவிலா இருக்கிறது? இருபது மைல். போய் என்ன சொல்வது என்பதில்தான் ஒவ்வொரு முறையும் கால் நின்றது. திருடியவன் திருட்டைத் திருப்பிக் கொடுக்கலாம். இவன் எதைத் திருப்பிக் கொடுப்பான்? இப்படியே பதினோரு வருடம் போய்விட்டது.

ஒரு மார்ச் மாதம் கடை சாத்துகிற நேரத்தில் பாலின் அவனை உட்காரச் சொன்னாள்.

"நார்விச்ல பல் டாக்டர்கிட்ட ரோலண்டைப் பாத்தேன். மனுஷன் பாதியாயிட்டாரு. உன்னை விசாரிச்சாரு."

வெய்ன் தரையைப் பார்த்தான்.

"என்ன கேட்டாரு தெரியுமா? 'வெய்னுக்கு அது விட்டுப்போச்சா?'ன்னு கேட்டாரு. இன்னும் இருக்குன்னு நான் சொன்னேன். அந்த மனுஷன் அங்கயே, அத்தனை பேர் முன்னால அழுதாரு. 'என்கிட்டேருந்துதான் ஒட்டிச்சு பாலின், நான்தான் அந்தப் பையனுக்குக் குடுத்தேன்'னாரு."

"அம்மா."

"பொறு, முடிக்கல. நீ டிவில அதைச் சொன்ன வாரமே குழுவை விட்டுட்டாராம். இன்னொருத்தருக்கு ஒட்டிரக் கூடாதுன்னு. பதினோரு வருஷமா தன்னை மாதிரி ஒரு ஆளோட ஒரு ரூம்ல உட்காரல. என் கடைக்கு வர்றதையும் அதுக்காகத்தான் விட்டிருக்காரு, என் முகத்தைப் பாக்க முடியாம." பாலின் ஈரத்துணியை மேஜையில் போட்டாள். "அன்னிக்கே உன் சட்டையைப் பிடிச்சு நான் கேட்டிருக்கணும். பெத்த பிள்ளை ஜெயிச்சிருக்கான்னு பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேன். அந்தப் பாவம் என்னோடது. இப்ப நீ போய்ச் சொல்றியா, இல்ல நான் போய்ச் சொல்லவா?"

"நானே போறேன்."

"என்ன சொல்லுவ?"

"நடந்ததை."

"பாப்போம்," என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வருவதாக ஃபோனில் சொல்லிவிட்டுப் போனான். வரிசை வீடுகளில் ஒரு சின்ன வீடு. கதவைத் திறந்த ரோலண்டுக்கு அறுபத்தைந்து வயது, எண்பது சொல்லலாம். சட்டை மட்டும் அதே இஸ்திரி. முன்னறையில் இரண்டு நாற்காலிகள், ஒன்று ஜன்னலோரம், ஒன்று எதிர்ச்சுவரோரம். நடுவில் பத்தடி வெற்றுத் தரை. அவனுக்காகவே அப்படிப் போட்டு வைத்திருந்தார். வெய்னின் நாற்காலிக்குப் பக்கத்தில் தேநீரும் இஞ்சி பிஸ்கட்டும் தயாராக இருந்தன.

"நீ அங்க உட்காரு தம்பி. இன்னும் கெடுதல் பண்ண வேண்டாம்," என்றார்.

உட்கார்ந்ததும் வெய்னுக்கு வந்துவிட்டது: "பொறுக்கி நாயே, சௌக்கியமா." அந்தப் பக்கமிருந்து உடனே ரோலண்டுக்கும் வந்தது. ஒரு நிமிடம் இருவரும் மாறி மாறி அதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேறு எவராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். ரோலண்டின் கண்ணில் நீர் திரண்டது.

"அப்படியே இருக்கு," என்றார். "ஏத்தம்கூட மாறல. எப்படி ஒட்டியிருக்கு பாரு."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். வாயால் சொன்னால் நடுவில் அது புகுந்து கெடுத்துவிடும் என்று எழுதி வைத்திருந்தார். படிக்கும்போதும் மூன்று இடத்தில் புகுந்தது. ஒவ்வொரு முறையும் விரலால் வரியைப் பிடித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து படித்தார்.

"'வெய்ன், எட்டு வருஷம் அந்தக் கூடத்தில் நான் ஒருவரையும் கிட்டே சேர்க்கவில்லை. உன்னை மட்டும் பக்கத்தில் உட்கார விட்டேன். உன்னை எனக்குப் பிடித்துப்போயிற்று, தனியாக இருந்து அலுத்தும் போயிருந்தது. அது என் சுயநலம். அதனால் உனக்கு இது வந்தது. நாடே உன்னைப் பார்த்துச் சிரித்தது. அதைப் பார்த்த ஒவ்வொரு நாளும் நான் வெட்கப்பட்டேன். என்னை மன்னிக்க முடியுமானால் மன்னித்துவிடு.'"

தாளை மடித்துத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

இதோ, இந்த இடத்தில்தான் வெய்னுக்கு நப்பாசை வந்தது. நான் அவனுக்காக மழுப்பப் போவதில்லை. 'மன்னிச்சுட்டேன்' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கிழவர் சந்தோஷமாகிவிடுவார், இவனும் யோக்கியனாகிவிடுவான். அதில் பாதி நிஜம்கூட இருக்கிறது. இப்போது நிஜமாகவே ஒட்டித்தானே இருக்கிறது? ஒட்டிய நாள் எது என்று யார் கேட்கப் போகிறார்கள்? அந்த வார்த்தை அவன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போது ரோலண்ட், "பிஸ்கட் எடுத்துக்க தம்பி, உனக்குப் பிடிக்கும்னு வாங்கினேன்" என்றார்.

"ஒட்டல," என்றான் வெய்ன்.

"என்னது?"

"உங்ககிட்டேருந்து எனக்கு ஒட்டல. நான் நடிச்சேன். வெளிய அனுப்பிருவாங்கன்னு பயந்து, அன்னிக்குக் காலைல நடிச்சேன். எல்லாரும் சிரிச்சாங்க. அப்புறம் தினம் நடிச்சேன்."

ரோலண்ட் தொடைமேலிருந்த தாளைக் கையால் நீவினார்.

"முதல் நாள்? அந்த ரொட்டி கருகின அன்னிக்கு?"

"நடிப்பு."

"ஜெயிச்சு வெளிய வந்தியே, அன்னிக்கு?"

"நடிப்பு."

"இப்ப, உள்ள வந்ததும் சொன்னியே?"

"அது நிஜம். ரெண்டு வருஷம் கழிச்சுப் பிடிச்சுது. இப்ப விட மாட்டேங்குது."

ரோலண்ட் மெல்லத் தலையாட்டினார். கணக்கு வாத்தியார் பையன் போட்ட கணக்கை வரிவரியாகச் சரிபார்ப்பது போல இருந்தது அவர் முகம்.

"எங்கம்மா அடக்கத்துக்கு நான் உள்ள போகலன்னு சொன்னேனே, அன்னிக்கு நீ இருந்தியா?"

"இருந்தேன்."

"நீ அழுத. எனக்கு ஞாபகம் இருக்கு."

"ஆமா."

"அதைக் கேட்ட பிறகா இதை எடுத்த?"

வெய்ன் வாழ்க்கையில் நிறைய பேர் நிறைய கேள்வி கேட்டிருக்கிறார்கள், கேமராவை வைத்துக்கொண்டும் மைக்கை நீட்டிக்கொண்டும். எல்லாவற்றுக்கும் அவனிடம் ஒரு பதில் இருந்தது. இப்போது தலை வெட்டியது, 'ஹுப்' என்றது, அவனுடைய சொந்தத் துடிப்பெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து போயின. ரோலண்ட் பொறுமையாக அவை ஓயும்வரை காத்திருந்தார். குழுவில் அப்படித்தான் செய்வார்கள்.

"ஆமா," என்றான் வெய்ன். "கேட்ட பிறகுதான்."

ரோலண்ட் தொடைமேலிருந்த தாளை எடுத்து நாலாகக் கிழித்தார். கோபமாகக் கிழிக்கவில்லை, தேவையில்லாத ரசீதைக் கிழிப்பதுபோலக் கிழித்து மேஜைமேல் வைத்தார். பிறகு, பதினோரு வருடத்தில் முதல்முறையாக என்று சொல்லும்படி, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து ஒரு பெரிய மூச்சு விட்டார்.

"அப்ப என்னால யாருக்கும் ஒண்ணும் ஆகல."

"ஆகல."

"அந்தக் குழு இன்னும் நடக்குதா?"

"நடக்குதாம். மாவிஸோட பொண்ணு நடத்துதாம்."

"முதல் செவ்வாய்தானே?"

"ஆமா."

வெய்ன் வரும் வழியெல்லாம் மனதுக்குள் ஒன்றை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தான். எல்லாம் சொல்லி முடித்து, அவர் திட்டி முடித்ததும், ஒரு வார்த்தை கேட்க வேண்டும்: அடுத்த செவ்வாய் நானும் வரட்டுமா? அடித்தாலும் பரவாயில்லை, அந்தக் கூடத்தில் ஒரு நாற்காலி வேண்டும். அந்த வசவை அடக்கி அடக்கிப் பஸ்ஸிலும் வேலையிலும் செத்துக்கொண்டிருந்தான். அதைச் சொல்லிவிட்டு, ஒருவரும் திரும்பிப் பார்க்காத இடத்தில் உட்கார ஒரு மணி நேரம் கிடைத்தால் போதும். அவன் வாயைத் திறந்தான்.

ரோலண்ட் எழுந்து கதவுவரை போய், அதைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"வந்து சொன்னதுக்கு நன்றி," என்றார். "நான் செவ்வாய்க்கிழமை போகப் போறேன், வெய்ன். நீ அங்க வராதே."

நார்விச்சைச் சுற்றி நாற்பது மைலுக்கு அப்படிப்பட்ட இடம் வேறு கிடையாது. வெய்னுக்கு அது தெரியும். ரோலண்டுக்கும் தெரியும்.

"சரிங்க," என்றான் வெய்ன். குல்லாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.